நேரில் பார்த்தவன்

தொட்டியக்காவைக் குழுவை விட்டுத் தூக்கப் போகிறார்கள் என்பது தெரிந்தபோது அவன் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பதினாறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். துணிக்கடை, செருப்புக்கடை, நகரும் படிக்கட்டு, வண்டி நிறுத்துமிடம் என்று ஒரு பெரிய அங்காடி முழுக்க அந்தத் திரைகளில் ஓடிக்கொண்டிருந்தது. யார் கை எந்தப் பைக்குள் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகு அவனுக்கு முகம் தெரிந்தவர்கள் எல்லாருமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவனைத் தெரியாது.

தொட்டியில் செடி வளர்ப்பவர்களுக்கான கைபேசிக் குழு அது. எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் தமிழ் பேசுகிறவர்கள், பட்டப்பெயரோடு மட்டும் உலாவுகிற இடம். அறை ஜன்னலில் ஒரே ஒரு மிளகாய்ச் செடி வைத்திருந்ததால் இவன் ‘ஒத்தத் தொட்டி’. அந்தச் செடி இலை சுருண்டு சாகக் கிடந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. தொட்டியக்கா மட்டும்தான், இலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்க தம்பி என்று எழுதினாள். அவள் சொன்னபடி சோப்புத் தண்ணீர் தெளித்ததும் செடி பிழைத்துக்கொண்டது. செடியைக்கூட விடலாம். தம்பி என்று அவனை ஒருத்தி கூப்பிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

உரமூட்டை விற்கிற ஒருவர், குழுவில் ‘உரக்கடை’, அவர்தான் ஆரம்பித்து வைத்திருந்தார். தொட்டியக்கா காசில்லாத வைத்தியமாகச் சொல்லிச் சொல்லி அவர் வியாபாரத்தில் மண் விழுந்திருக்க வேண்டும். “ஒரு படத்துலகூட இவங்க கை தெரியல. ஒரு தடவைகூட வாய்ஸ் போட்டதில்ல. பூச்சி கடிச்ச இலை ஒண்ணு காட்டச் சொல்லுங்க பாப்போம். எல்லாம் எங்கேயோ சுட்ட படம்.” அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். நேற்றுவரை அக்கா அக்கா என்று உருகியவர்களே எனக்கும் அப்பவே ஒரு மாதிரி இருந்தது என்றார்கள். குழுவை நடத்துகிற அட்மின் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். கையெழுத்து ஒத்துப் போகவில்லை என்றால் பெற்ற அப்பாவுக்கே பணம் தராத ரகம். சாயங்காலத்துக்குள் தக்க சான்று வர வேண்டும், இல்லாவிட்டால் நீக்கம் என்று அறிவித்துவிட்டார்.

தொட்டியக்கா வாயைத் திறக்கவில்லை.

பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவிட்டு, அவள் போட்ட படங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தான். பிறகு எழுத உட்கார்ந்தான். அவனுக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் வேலையில் எழுதுகிற அறிக்கைதான். சேர்ந்த அன்றே மேற்பார்வையாளர் சொல்லிக் கொடுத்திருந்தார். கேமராவில் பார்த்தேன் என்று எழுதினால் எந்தக் கேமரா, என்ன கோணம் என்று நூறு கேள்வி வரும். நேரில் பார்த்தேன் என்று எழுதினால் ஒருத்தனும் கேட்க மாட்டான். அன்றிலிருந்து திரையில் பார்ப்பது எல்லாமே அவனுக்கு நேரில் பார்ப்பதுதான்.

“தொட்டியக்கா பொய் சொல்றவங்க இல்ல. நான் நேர்ல பாத்திருக்கேன்,” என்று தொடங்கினான். மேல்மாடி வீடு. பால்கனிக் கம்பியில் ஒன்று உள்பக்கமாக வளைந்திருக்கும். கொடியில் சின்னப் பிள்ளையின் பச்சைக் கட்டம் போட்ட பள்ளிச் சீருடை காயும். வெயில் காலையில் கொஞ்ச நேரம்தான், அப்புறம் மணிக்கூண்டு வைத்த எதிர்க் கட்டிடம் மறைத்துவிடும், அதனால்தான் எல்லாப் படத்திலும் ஒரே வெளிச்சம். பூச்சி கடித்த இலையை முதலில் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் படம் எடுப்பார்கள், காம்பை உற்றுப் பார்த்தால் கிள்ளின இடம் தெரியும். இப்படி ஒன்று விடாமல் எழுதினான். நேர்ல என்ற வார்த்தை கண்ணை உறுத்தத்தான் செய்தது. அழிக்கவில்லை. ஒரு வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

குழு அப்படியே பல்டி அடித்தது. காபியாவது கொடுத்தாங்களா என்று ஒருவர் கேட்டார். ரெண்டும் ஒரே ஆளாத்தான் இருக்கும் என்று முனகிவிட்டு உரக்கடை ஒதுங்கினார். சாட்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அட்மின் அவன் எழுதியதை எல்லார் கண்ணிலும் படும்படி குழுவின் தலையில் ஏற்றி வைத்தார். ஒருநாளும் வாய் திறக்காத யாரோ ஒருவர்கூட, பெயரும் படமும் இல்லாத ஆள், அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார். அவன் டப்பாவைத் திறந்து ஆறின சோற்றை வழித்துச் சாப்பிட்டான்.

கை கழுவிவிட்டு வந்தால் தொட்டியக்காவின் தனிச் செய்தி காத்திருந்தது.

“தம்பி, நீங்க எப்ப வந்தீங்க?”

சிரிப்புப் பொம்மை ஒன்றைத் தேடினான். அதற்குள் அடுத்தது வந்தது. “யூனிஃபார்ம் வரைக்கும் எழுதியிருக்கீங்க.”

“வரலக்கா. உங்க படத்துலதான் பாத்தேன்.”

“எல்லாப் படத்தையும் பெருசு பண்ணிப் பாத்தீங்களா?”

“என் வேலையே அதுதான்க்கா.” யோசிப்பதற்குள் விரல் அனுப்பிவிட்டது.

அந்தப் பக்கம் எழுதுவதும் நிறுத்துவதுமாகப் புள்ளிகள் வந்து வந்து போயின.

“அவரு அனுப்பினாரா உங்கள?”

எந்த அவர் என்று அவன் கேட்டான். நீங்க எந்த ஊருன்னுகூட எனக்குத் தெரியாதுக்கா என்று எழுதினான். அது போய்ச் சேரவில்லை. அவளுடைய படம் இருந்த வட்டம் வெறும் சாம்பல் நிறமாகியிருந்தது, அவனைத் தடுத்துவிட்டிருந்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கை தெரியாத படங்கள், கேட்காத குரல். சுட்ட படமா என்று ஊரே சந்தேகப்பட்டதே, அவள் யார் கண்ணுக்கோ தப்பித்து இருந்திருக்கிறாள். இவன் போய் வளைந்த கம்பியிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கூடம்வரை அடையாளம் எழுதிக் குழுவின் தலையில் ஏற்றவைத்திருக்கிறான். உறுப்பினர் பட்டியலைத் திறந்தான். பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்கள்தான் அதில் அதிகம். கட்டைவிரல் போட்டவர் போன வாரம்தான் சேர்ந்திருந்தார்.

தலையில் ஏற்றிவிட்ட பதிவை இனி அட்மின்தான் எடுக்க முடியும். எடுத்துவிடுங்க சார் என்று கெஞ்சினான்.

“ஏன் எடுக்கணும்? நீங்க சொன்னது உண்மைதானே?” என்று கேட்டார் அட்மின். “பொய்யின்னா குழுவுல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்ப எடுக்கறேன். உங்களையும் சேர்த்து.”

உண்மை என்றால் பதிவு அங்கேயே நிற்கும். பொய் என்றால் இவனைத் தூக்குவார்கள், சான்றில்லாமல் அவளையும் தூக்குவார்கள். இருந்த ஒரே திண்ணைப்பேச்சும் போய்விடும், தம்பி என்ற சொல்லும் போய்விடும். ஏழாம் திரையில் ஒரு பெண் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கக் கூசித் திரும்பிக்கொண்டான்.

“நான் சொன்னது எல்லாம் பொய். அவங்க வீட்ட நான் பாத்ததே இல்ல. கம்பி, சீருடை, எதிர்க் கட்டிடம் எல்லாம் நானா கட்டிவிட்டது. மன்னிச்சிடுங்க.”

உரக்கடைக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. ஒத்தத் தொட்டியா வெத்துத் தொட்டியா என்றார். ஆளுக்கு ஒரு கல் எறிந்தார்கள். பதிவு இறங்கியது. தொட்டியக்காவுக்குக் கடைசி வாய்ப்பு என்று அட்மின் எழுதினார்.

இவனை இன்னும் வெளியேற்றவில்லை. அதற்குள் அவளிடமிருந்து ஒரு படம் வந்து விழுந்தது. கூடவே ஒரு வரி. “என் செடி. இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது.”

ஒரு ரோஜாத் தொட்டி. விளிம்பைப் பற்றியிருந்தது ஒரு பெண்ணின் கை, நகத்தில் மண். பின்னால் பால்கனி இல்லை, கம்பி இல்லை, வெயில்கூட இல்லை. தொட்டிக்குப் பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பெரிது பண்ணவில்லை. பண்ணாமலே தெரிந்தது. விரிப்பு தரைவரைக்கும் எட்டவில்லை. அதற்குக் கீழே, குதிகாலை உயர்த்தி நுனிவிரலில் நின்றுகொண்டிருந்தன இரண்டு சின்னக் கால்கள்.