சென்னைக்கு மூன்று டிக்கெட்

பெரியபட்டினம் காஜா நவாஸ் தன் குடும்பத்துக்கு எத்தனையோ ஊர்களைக் காட்டியிருக்கிறார். அந்த ஊர்களில் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. பதினான்கு வருஷமாக ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கிடங்கில் வேலை. இங்கே பள்ளிக்கூட லீவு விட்டால், அங்கே கட்டிலில் படுத்தபடியே டிக்கெட் போடுவார், ரூம் பார்ப்பார், எந்தக் கடையில் எந்த வேளைக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று எழுதி அனுப்புவார். மனைவி நூர் நிஷாவும் மகன் ஃபஹதும் மகள் மர்வாவும் கிளம்புவார்கள்.

குற்றாலமோ கொச்சியோ, சாப்பிட உட்கார்ந்ததும் நூர் நிஷா போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைப்பாள். அதில் அவர் முகம் வரும். முதல் கவளத்தை அதன் முன்னால் நீட்டி, ஆ காட்டுங்க மச்சான் என்பாள். அவரும் அங்கே வாயைத் திறப்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இந்த வருஷம்தான் அவருக்கு மே மாதத்தில் லீவு கிடைத்தது. நாற்பது நாள். லீவு உறுதியான அன்றே சென்னைக்கு டிக்கெட் போட்டுவிட்டார். ஊருக்கு வந்த பிறகு தினமும் மஃரிப் தொழுதுவிட்டு வந்து பிள்ளைகளை உட்கார வைத்துத் திட்டம் போட்டார். மர்வாவுக்குப் பர்மா பஜார் பக்கம் விற்கும் அத்தோ நூடுல்ஸ் தின்ன வேண்டும். ஃபஹதுக்கு மெட்ரோவில் போக வேண்டும். நூர் நிஷாவுக்கு எழும்பூர் மியூசியம். அவருக்கு மெரினா. மணலில் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து, ஒரே பொட்டலத்துச் சுண்டலைக் கைமாற்றித் தின்ன வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

கடலைப் பார்க்க மெட்ராஸ் போகணுமா, வாசலில்தானே கிடக்கிறது என்று நூர் நிஷா கேலி செய்தாள். எழும்பூரில் எந்தப் பக்கம் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும் என்று அவர் தாளில் படம் வரைந்து காட்டியபோது ஃபஹத் சொன்னான்:

"வாப்பா, எங்கள விட ஒங்களுக்குத்தான் மெட்ராஸ் நல்லாத் தெரியுது. நீங்க வரவே வேணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கிளம்பும் நாள், ராமநாதபுரம் ஸ்டேஷனில் வண்டி வர இருபது நிமிஷம் இருந்தது. காஜா நவாஸ் புதுச்சட்டை போட்டிருந்தார். எந்தப் பெட்டி என்று பார்க்கப் போனைத் திறந்த ஃபஹத், முப்பத்து மூணு, முப்பத்து நாலு, முப்பத்தாறு என்று வாசித்துவிட்டு நிறுத்தினான்.

"இன்னொண்ணு?" என்றார் காஜா நவாஸ்.

ஃபஹத் போனை அவரிடம் நீட்டினான். மூன்று பெயர்கள்தான் இருந்தன. எப்போதும் டிக்கெட் போடும்போது அந்த மூன்று பெயர்களும் தயாராக வந்து நிற்கும். மூன்றையும் தொட்டுவிட்டுப் பணம் கட்டுவார். இந்தத் தடவையும் கை அதையே செய்திருந்தது. டிக்கெட் உறுதியான குறுஞ்செய்தி இரண்டு மாதமாக எல்லோர் போனிலும் கிடந்தது. ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கவுண்டரில் கேட்டார்கள். இடம் இல்லை, பொதுப் பெட்டிக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. அடுத்த வாரம் போவோம் என்று நூர் நிஷா சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குத் தெரியும், சென்னையிலிருந்து திரும்பி வந்த இரண்டாம் நாள் அவருக்கு விமானம். நாமும் பொதுப் பெட்டியில் ஏறிக்கொள்வோம் என்றாள் அடுத்து. அவர் கேட்கவில்லை.

"ஒரு ராத்திரிதானே. நீங்க ஏறுங்க, நான் முன்னால ஏறிக்கிறேன். காலையில எழும்பூர்ல நிப்பேன்."

நூர் நிஷா பையைத் திறந்து தேங்காய்ச் சோற்றுப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். வைத்த பிறகுதான் பைக்குள் பார்த்தாள். இரண்டு பொட்டலம் மிச்சம் இருந்தது. சாயங்காலம் அவள் கட்டியதே மூன்றுதான். சட்டென்று பையை மூடினாள். அவர் பார்க்காதது போல வண்டி வரும் திசையைப் பார்த்தார்.

வண்டி வந்தது. பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூட நிற்கலாம் என்று அவர்கள் பெட்டியில் கால் வைத்தார். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களே வழியில் நிற்கிறார்கள் ஐயா, பொது டிக்கெட் என்றால் முன்னால் போங்கள் என்று டிக்கெட் பரிசோதகர் தணிவாகவே சொன்னார்.

பொதுப் பெட்டியில் கதவோரம் ஒற்றைக் காலில் நிற்க இடம் கிடைத்தது. பொட்டலம் நசுங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பரமக்குடி தாண்டும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. மானாமதுரையில் வண்டி சற்று நேரம் நிற்கும். இறங்கி ஓடி அவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றால், கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் சேர்ந்து நாலு வாய் சாப்பிட்டுவிடலாம்.

மானாமதுரை வந்ததும் இறங்கி வேகமாக நடந்தார். அவர்கள் ஜன்னலை நெருங்கும்போது போன் அடித்தது. மர்வா, வீடியோவில். பழக்கத்தில் எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். நடுவில் தண்ணீர் பாட்டில். அதில் சாய்த்த போனில் அவருடைய முகம், உள்ளங்கை அகலத்துக்கு. அதைப் பார்த்துத்தான் மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரும் திரும்பவில்லை.

"பின்னால பிளாட்பார லைட்டு தெரியுதே, எந்த ஊரு வாப்பா?"

"மானாமதுரைம்மா."

"எங்களுக்கும் மானாமதுரைதான்" என்று மர்வா சிரித்தாள்.

கூப்பிட வாயெடுத்தார். நூர் நிஷா அதற்குள் ஒரு கவளம் உருட்டி, போனுக்கு முன்னால் நீட்டிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது போனில் தெரியவில்லை, ஜன்னல் வழியே தெரிந்தது. பதினான்கு வருஷமும் இப்படித்தான் இருந்ததா என்று நினைத்துக்கொண்டார்.

"ஆ காட்டுங்க மச்சான்."

பிளாட்பாரத்தில் நின்றபடி வாயைத் திறந்தார்.

வண்டி ஊதியது. "ஏறிட்டீங்களா?" என்று அவள் போனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏறிட்டேன்" என்று சொல்லிவிட்டு, பிரிக்காத பொட்டலத்தோடு முன்னால் ஓடினார்.