கூரான பற்கள்

மர அறுவை மில்லில் ரம்பப் பற்களுக்கு அரம் போட்டே ஓய்வுபெற்றவர் அவர். ஊரிலுள்ள கதவு, ஜன்னல் எல்லாம் தன் கூரில் அறுபட்டவை என்பார்; எதிரில் இருப்பவர் மறுக்காவிட்டால் இரண்டு காடுகளையும் சேர்த்துக்கொள்வார். தொழிலுக்காகப் பாதி, பேச்சுக்காகப் பாதி, எல்லோருக்கும் அவர் ரம்பக்காரர்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சொன்னதால் அவர் மனைவி சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழிகளோடு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போவாள். பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுவதுதான் வழக்கம். இந்தத் தடவை காலை ஊன்றாமல் உச்சிக்குப் போய்விடுவது என்று வைராக்கியம்.

ரம்பக்காரர் சும்மா இருப்பாரா? புதுச் செயின் வாங்கி மாட்டினார். பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை, கடைக்காரர்கள் கேசட் என்பதை, தொட்டுப் பார்த்துப் பூரித்துப்போனார். நடுச்சக்கரத்தின் பல் ஒவ்வொன்றும் வளைந்து, ஊசி முனையாக நின்றது. "இத போய் மாத்தச் சொல்றானே கடைக்காரன்! என்னா கூர்! செயினக் கவ்விப் பிடிக்கும் பாரு!"

மேட்டடியில் தோழிகளிடமும் அதையே முழங்கினார். "நம்ம கை பட்ட வண்டி. மலையில்ல, சுவத்துல ஏறும்!"

பாதி மேட்டில் அவள் எழுந்து நின்று ஓங்கி மிதித்தாள். 'கடக்' என்றது. பெடல் வெறுங்காற்றில் இறங்க, வண்டியோடு புல்லில் சாய்ந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. எல்லோரும் ஓடிவந்தார்கள். முதலில் வாயைத் திறந்தவர் ரம்பக்காரர்தான்.

"நான் அப்பவே சொன்னேன். கால்ல இன்னும் தெம்பு வரல."

அப்படி எப்போதும் சொன்னதில்லை. ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள். வீட்டுக்கு வந்து சைக்கிள்மேல் பழைய போர்வையைப் போர்த்தினாள். "என் தங்கச்சி பொண்ணுகிட்ட குடுத்துடுங்க. எனக்கு இதோட போதும்."

மறுநாள் கொடுப்பதற்காக அதில் ஏறிப் போனார். பாலத்தின் ஏற்றத்தில் அழுத்தினார். கடக்! நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதியது. பார்த்தது ஒரு நாய் மட்டும். அதுவும் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வண்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். நடுச்சக்கரம் மட்டும்தான் ரம்பம். பக்கத்துச் சக்கரங்களின் பற்கள் தட்டையாக, அகலமாக, மொழுக்கென்று இருந்தன. பிறந்தபோது எல்லாமே அப்படித்தான் இருந்திருக்கும். நடுச்சக்கரம் கூராகவில்லை, தேய்ந்திருக்கிறது! பழைய செயின் தேய்ந்து நீண்டு அதோடு ஒத்துப்போயிருந்தது. புதுச் செயின் உட்கார இடமில்லாமல் தாவுகிறது. அது மட்டும் ஏன் தேய்ந்தது? "கியர மாத்தாத, நடுவுலயே ஓட்டு, கியர் தேஞ்சுடும்" என்று மனைவிக்குச் சட்டம் போட்டவர் யார்? ரம்பக்காரருக்குக் காது மடல்வரை சூடேறியது. அதில் ஒரு தோசைக்கல்லையே காயவைத்திருக்கலாம்.

தள்ளிக்கொண்டே வீடு திரும்பினார்.

"உன் கால்மேல தப்பில்ல. வண்டி. வண்டியும் இல்ல... நான்."

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ராத்திரி பூரா இந்தக் காலத் திட்டிட்டுக் கிடந்தேங்க" என்றாள். அவர் தரையைப் பார்த்தார். "என்கிட்ட சொன்னா ஆச்சா? அவங்க முன்னாடிதானே என் காலச் சொன்னீங்க? அங்க வந்து சொல்லுங்க."

புது கேசட் மாட்டியாயிற்று. அடுத்த ஞாயிறு, மேட்டடியில், உலகத்துக்கே கேட்கும் குரல் படைத்தவர் முணுமுணுத்தார்.

"அண்ணே, காத்துல போயிடுச்சு" என்றாள் ஒரு தோழி. "இன்னொரு தடவ!"

"தப்பு என்னோடது! அவ கால் நல்லா இருக்கு!" தண்ணீர்த் தொட்டியே அதிர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவள் ஏறினாள். முதல்முறையாகக் கியரை மாற்றினாள். பாதி மேட்டில் எழுந்து மிதித்தபோது ரம்பக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார். செயின் ஓடும் சன்னமான சரசரப்பு. அது ஏறி, தேய்ந்து, கேட்காமல் போயிற்று.

உச்சியிலிருந்து குரல் வந்தது. "என்னங்க! கால்ல தெம்பு இருக்கான்னு மேல வந்து பாருங்க!"

தோழிகள் வழிவிட்டார்கள். மூச்சிரைக்க, நடந்தே, அத்தனை பேர் பார்க்க ஏறினார் ரம்பக்காரர்.