வாலென்டினின் பூட்ஸ்

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பனிச்சறுக்குக்குப் பேர்போன திரோல் மலைக்கு வருகிறவர்களோ அடி சறுக்குவதற்கென்றே காசு கட்டி வருகிறார்கள். அந்த வாரம் ரோமானா நடத்திய தொடக்க வகுப்பில் எல்லோரும் விடுமுறைக் கும்பல், ஒருவரைத் தவிர. அவர் எங்கெல்பெர்ட், அறுபது தாண்டியவர், தெற்கே பூசணி பயிரிடுகிறவர். வகுப்பிலேயே அதிகமாக விழுந்தவரும் அவர்தான்.

அவர் போட்டிருந்த பூட்ஸ் மகன் வாலென்டினுடையது. குளிர்காலம் வந்தால் அந்தப் பையன் வீட்டில் தங்க மாட்டான், இந்த மலைக்குச் சறுக்கக் கிளம்பிவிடுவான். "ஒரு தடவை என்கூட வந்து பாருங்கப்பா" என்று வருஷா வருஷம் கூப்பிடுவான். வயசான காலத்தில் எனக்கெதற்கு இந்தக் கூத்து என்று இவர் தட்டிக்கழித்துவிடுவார். போன கோடையில் அவன் மோட்டார் சைக்கிளோடு லாரியில் மோதிச் செத்துப்போனான். துணிமணிகளை அவன் அம்மா துவைத்து மடித்துத் தானம் கொடுத்துவிட்டாள். பூட்ஸ் மட்டும் பரணில் கிடந்தது. ஒருநாள் எங்கெல்பெர்ட் அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். பனிச்சறுக்கு பூட்ஸின் உள்மெத்தையைச் சூடாக்கி, போடுகிறவரின் காலுக்கென்றே அச்சு எடுப்பார்கள். மகனின் குதிகால், சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து புடைத்துப்போன வலது கணுக்கால், அகன்ற விரல்கள், எல்லாம் உள்ளே பள்ளமாக அப்படியே இருந்தன. அவன் உடம்பென்று உலகத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தில் தன் காலை வைத்து, அவன் இறங்கிய மலையில் ஒரு தடவையாவது இறங்கிவிட வேண்டும் என்று கிளம்பி வந்திருந்தார்.

ஆனால் அவன் கால் வேறு, இவர் கால் வேறு. காலில் மாட்டிய சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, கலப்பை போலப் பனியை உழுதுகொண்டே வந்து நிற்க வேண்டும். அதுதான் முதல் பாடம். உழவருக்கு உழவு வரவில்லை. குதிகால் உள்ளே லொடலொடவென்று ஆடியது, பலகை பேச்சைக் கேட்கவில்லை. வேலியில் போய் முட்டினார். டச்சுக்காரி ஒருத்தியின் மடியில் போய் உட்கார்ந்தார். "இன்னொரு தடவை வர்றதா இருந்தா பூவோட வாங்க" என்றாள் அவள்.

ரோமானா குனிந்து அவர் பூட்ஸைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள்.

"இது உங்களுது இல்லையேய்யா?"

"பையனோடது."

"திருப்பிக் கேக்க மாட்டாரா?"

"அவனுக்கு இனிமே வேண்டாம்மா."

குனிந்து பூட்ஸின் கொக்கியை இறுக்கினார். சிரித்து விளையாட வந்த இடத்தில் சாவைப் பற்றி யார் பேசுவது? பையன் புதிதாக வாங்கிக்கொண்டான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேறு பூட்ஸ் வாடகைக்கு எடுக்கச் சொன்னாள். முடியவே முடியாது என்று அடம்பிடித்தார்.

மறுநாள் மதியம் அடிவாரத்து உணவுக் குடிலில் சூப் குடித்துவிட்டு, பூட்ஸைக் கழற்றி வைத்து, வெயிலில் கண்ணயர்ந்தார். விழித்தபோது காலடியில் பூட்ஸ் இல்லை. பதறி எழுந்தால், பூட்ஸ் வாடகைக் கடைப் பக்கமிருந்து ரோமானா அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். தன் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"சூடு பண்ணிட்டு வந்துட்டேன்யா. ஆறுறதுக்குள்ள காலை விடுங்க, உங்க காலுக்கே அச்சு விழுந்துரும்."

அவர் காலை விடவில்லை, கையை விட்டார். மெத்தை உப்பி வெதுவெதுப்பாக இருந்தது. புடைத்த கணுக்காலின் குழியைத் தேடினார். விரல்களைத் தேடினார். ஒன்றும் இல்லை.

"பழையபடி ஆக்க முடியுமாம்மா?"

"பழசு எதுக்கு? அதுலதானே இவ்வளவு விழுந்தீங்க" என்று சிரித்தாள். "சீக்கிரம், ஆறிடும்."

அடிப்பாவி என்று கத்தியிருக்கலாம். ஆனால் அவள் மேல் என்ன தப்பு? வேண்டாம் என்று சொன்னது அவர் வாய்தானே. மூச்சு வாங்கிக்கொண்டு, பனியில் மண்டியிட்டு, பூட்ஸை விரித்துப் பிடித்திருந்தாள் அவள். வாலென்டின் வயதுதான் இருக்கும். காலை விட்டார். அவளே கொக்கிகளை மாட்டினாள். மெத்தை ஆறும்வரை அசையக் கூடாது என்றாள். அசையாமல் உட்கார்ந்து, மகனை இரண்டாம் முறையும் அனுப்பிவைத்தார்.

பிறகு சரிவில் ஏறினார். குதிகால் ஆடவில்லை, பலகை சொன்னபடி கேட்டது. முனைகளை நெருக்கி, பின்னால் அகட்டி, உழுதுகொண்டே இறங்கி ரோமானாவின் முன்னால் வந்து நின்றார். வகுப்பே கைதட்டியது.

"வீட்டுக்குப் போனதும் பையன்கிட்ட சொல்லுங்க" என்றாள் அவள்.

"சொல்றேன்மா" என்றார்.

அன்று மாலைவரை அவர் ஒருமுறைகூட விழவில்லை. விழுந்திருந்தால் அழுவதற்கு ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.