தண்டக் கணக்கு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கடுகளவு கூட்டவில்லை, எள்ளளவு குறைக்கவில்லை. பொய்யென்றால் எழுதிய கை இப்படியே மரத்துப்போகட்டும்.

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் சாய்த்துப் போட்டிருந்த நேரம். ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், மூக்கு திரையில் முட்டுகிற தூரத்தில், தன் வீட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. மறுநாள் காலையில் ஆபரேஷன். அதன் பிறகு ஒரு மாதத்துக்குத் திரைப்பக்கமே திரும்பக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதுவரை வீட்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்ள அவருடைய தம்பி சாயங்கால பஸ்ஸில் வருகிறான். சிக்கல் அங்கேதான்.

அந்தக் கணினி, சுவிட்சைப் போட்டால் முதலில் இருமும். இருமி முடித்துத் திரை தெளிவதற்குள் அவர் சவரம் செய்து குளித்துவிட்டு வந்துவிடுவார். அதற்குள்ளே இருந்த கணக்கு மென்பொருளில் அவருடைய மொத்த ஆயுளும் ஏறியிருந்தது. கல்யாணமான புதிதில் செய்த செலவுகளைக்கூடப் பழைய டைரிகளைப் புரட்டி ஏற்றியிருந்தார். லிஃப்ட் நிற்கவேண்டிய மாடியில் நிற்கவேண்டும், செலவு நிற்கவேண்டிய வகையில் நிற்கவேண்டும் என்பது அவர் கட்சி. தும்மினால்கூட மருத்துவச் செலவில் ஒரு பூஜ்யம் போடுகிற மனுஷன் என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். உணவு, வாடகை, மருத்துவம், படிப்பு என்று போகிற அந்த வகைகளில் ஒன்றின் பெயர் தண்டம். தம்பிக்குக் கொடுத்தது அத்தனையும் அதற்குள்தான் கிடந்தது.

தம்பி செய்யாத தொழில் இல்லை. கட்டிலுக்கடியில் காளான் வளர்த்தான். அது கட்டிலைத் தூக்கிக்கொண்டு வளர்ந்துவிட்டது, வாங்கத்தான் ஆளில்லை. வண்ணமீன் வளர்த்தான். பெரிய மீன் சின்ன மீனைத் தின்றது, கடைசி மீனைப் பூனை தின்றது, முதலை யார் தின்றார்கள் என்று தெரியவில்லை. கடைசியாக வந்து கேட்டபோது அண்ணன் வாயைவிட்டுவிட்டார். "உனக்குக் குடுத்ததெல்லாம் தண்டம்டா." தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனவன்தான். வருஷக்கணக்காகப் பேச்சில்லை. கண்ணுக்கு ஆபரேஷன் என்றதும் அண்ணிதான் போனில் அழைத்து, "அது ஏதோ கோவத்துல வந்த வார்த்தை தம்பி, அவர் மனசுல அப்படி இல்ல" என்று இறக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

"மனசுல இல்லாததா இப்படி வருஷம் வருஷமா எழுதி வெச்சிருக்கு?" என்றாள் இப்போது, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று. "இது தம்பி கண்ணுல பட்டுச்சுன்னா செருப்பைக்கூடக் கழட்டாம அடுத்த பஸ்ல ஏறிடுவாரு. மறுபடி கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல."

"மாத்திடறேன். எதுக்கு மாத்தறதுன்னுதான் யோசிக்கறேன். உதவின்னு போடட்டுமா?"

"அது இதைவிடக் கேவலம்."

"கடன்?"

"திருப்பிக் கேக்கறீங்களா?"

வெகுநேரம் யோசித்து, தம்பி என்றே புது வகை ஒன்று திறந்தார். பிறகு ஒவ்வொரு பதிவாகத் திறந்து மாற்ற ஆரம்பித்தார். ஒன்றை மாற்றிச் சேமிப்பதற்குள் கணினி ஒரு தடவை இருமியது. இந்த வேகத்தில் போனால் தம்பி பேரன் எடுத்துவிடுவான் என்று தோன்றவே, வெளியூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டார்.

"அய்யோ அப்பா, ஒண்ணொண்ணாவா மாத்தறீங்க? தேடற பெட்டியில தண்டம்னு அடிங்க. அது மட்டும் வரும். மேல இருக்கிற கட்டத்தைத் தட்டினா மொத்தமும் தேர்வாயிடும். அப்புறம் 'வகை மாற்று'. அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வெச்சுக்கோங்க, என்ன?"

"சரிம்மா" என்றார். நகல் எடுக்கவில்லை. லிஃப்டுக்கு யார் நகல் எடுக்கிறார்கள்?

தண்டம் என்று அடித்ததும் வந்து வரிசையில் நின்றன: காளான் விதை, மீன்தொட்டி, வாடகைக்கு விட வாங்கிய சைக்கிள்கள். நடுவில் ஒரு வரி, 'சட்டை, வெள்ளை'. என்னவென்று திறந்து பார்த்தார். ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று தம்பிக்கு எடுத்துக்கொடுத்த சட்டை. வேலை கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டையைக் காலர் நைந்து நூலாகிற வரை அவன் போட்டுக்கொண்டு திரிந்தான். அண்ணன் எடுத்துக் கொடுத்தது என்று கேட்காதவர்களிடமும் சொன்னான். இதை எந்த மனசோடு தண்டத்தில் போட்டோம் என்று அவர் திரையைப் பார்த்தபடி இருந்தார். உள்ளே என்னவோ இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

அந்தப் பதிவை மூடித் திரும்பியபோது தேடல் பெட்டி காலியாகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. புரை விழுந்த கண்ணுக்கு எல்லா வரியும் ஒரே வரிதான். மேலே இருந்த கட்டத்தைத் தட்டினார். வகை மாற்று. தம்பி. உறுதியா என்று கேட்டது. ஆயுள் முழுக்கப் பொத்தான்களோடு வாழ்ந்தவர், தயங்காமல் அழுத்தினார். கணினி அதுவரை இருமாத இருமல் எல்லாம் இருமி ஓய்ந்தது.

மனைவிதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "வாடகை, தம்பி. அரிசி, தம்பி. என்னங்க, நான் பல்லு கட்டினதுகூடத் தம்பின்னு இருக்கு. என் பல்லு உங்க தம்பியா?"

அவர் வரிகளைக் கீழே உருட்டினார். மகளுடைய பள்ளிக்கூடக் கட்டணம், ஒழுகிய கூரைக்குப் போட்ட சிமெண்டு, அம்மாவை எடுத்துப்போன வண்டிக்கூலி, அவருடைய சம்பளம், எல்லாமே தம்பி. பழையபடி ஆக்க வழியுண்டா என்று மகளைக் கேட்டார்கள். நகல் எங்கே என்று அவள் கேட்டாள். அதோடு போன் உரையாடல் முடிந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி ஒரு பையோடு நின்றான். முடி பாதிக்குமேல் வெளுத்திருந்தது. "ஒரு மாசம் இருக்கலாம்னு வந்தேன் அண்ணி" என்றான், அண்ணனைப் பார்க்காமல். டீ குடித்து முடித்ததும், பேச்சுக் கொடுக்க வேண்டியிராத இடம் அதுதான் என்பதுபோல நேரே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தான்.

மெக்கானிக் சமையலறையில் நின்று, துடைத்து வைத்திருந்த டம்ளரையே மறுபடி துடைத்தார். எலிப்பொறி சத்தம்போல விசை தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றுபோனது.

"அண்ணே."

போய் நின்றார்.

"அம்மாவுக்கான வண்டிக்கூலி என் பேர்ல இருக்கு."

தவறுதலாகத் தட்டிவிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தார். அன்றைக்கு அந்த வண்டியில், அம்மாவின் தலை ஆடாமல் வழி நெடுக மடியில் தாங்கிக்கொண்டு வந்தவன் தம்பிதான்.

"இருக்கட்டும்" என்றார்.

தம்பி திரையில் கொஞ்ச நேரம் மேலும் கீழும் போனான். "தண்டம்னு ஒரு வகை இருக்கே. ஒண்ணுமே இல்லாம கெடக்கு."

"இந்த வீட்ல யாரும் தண்டச்செலவு பண்றதில்ல தம்பி" என்றாள் சமையலறையிலிருந்து அண்ணி.

தம்பி சிரிக்கிறானா என்று புரைக்குள்ளிருந்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இதையெல்லாம் பிரிச்சு அதது இடத்துல வெக்கணும் அண்ணே. வாடகைன்னு தேடி மொத்தமா மாத்திட்டா, அரிசின்னு தேடி மொத்தமா மாத்திட்டா, ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்."

"மொத்தமா வேணாம்."

"ஒண்ணொண்ணா மாத்தினா வருஷம் ஆகுமே."

"ஆகட்டும்."

தம்பி திரும்பி அவரை முதல்முறையாக நேராகப் பார்த்தான். பிறகு பையைக் காலால் நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு, முதல் பதிவைத் திறந்தான். மெக்கானிக் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"குடை, ரெண்டு. இது யாருக்கு?"

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு… இரு, யோசிக்கறேன்."

வெயில் தரையிலிருந்து எழுந்து சுவரேறி மறைந்த பிறகும், திரையின் வெளிச்சம் அந்த இரண்டு முகங்களின்மேலும் நீலமாக விழுந்துகொண்டிருந்தது.

இதுவும் சத்தியம்: அன்றைக்கும் சேர்த்து அந்த வாரம் முழுவதும் அந்தத் தெருவில் மின்சாரம் கிடையாது.