கொப்பியில போடுங்கோ

எங்கள் சனத்திடம் பதினைந்து டொலர் வாங்குவது எவ்வளவு பாடு என்று என்னைக் கேளுங்கள். மெல்பேணின் ட்ருகனினாவில் என் மனுசன் யேசுராசாவும் நானும் பதினொரு வருடம் பலசரக்குக் கடை நடத்தினோம். குத்தரிசி, மன்னார்க் கருவாடு, ஒடியல் மா எல்லாம் விற்றோம். விற்றோம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. சனம் வரும், பையை நிரப்பும், பிள்ளைக்கு ஒரு கண்டோஸ் சொக்லேற்றும் எடுக்கும். பிறகு வாசலில் நின்று, "அண்ணை, கொப்பியில போடுங்கோ" என்று கையைக் காட்டிவிட்டு, எங்கள் கடையை விட விலை கூடின காரில் ஏறிப் போய்விடும்.

அந்தக் கொப்பியில் என் மனுசன் ஒருவருடைய பெயரையும் எழுதமாட்டார். பெயரை எழுதினால் கடன்காரர் மாதிரி இருக்குமாம், மனம் நோவார்களாம். அதனால் 'நீலக் கேற் அன்ரி', 'ரோவில் மச்சான்', 'பிரசிடென்ட் அண்ணை' என்று எழுதி, பக்கத்தில் ரெலிபோன் நம்பரை மட்டும் குறித்து வைப்பார். கடன் கொடுக்கிறவர் கடன்பட்டவருக்குக் கூச்சப்படுகிற கடை உலகத்தில் அது ஒன்றுதான்.

போன மாசியில் கடையை மூடினோம். மொத்த வியாபாரிக்கும் கடை வாடகைக்குமாக முப்பத்தாறாயிரம் கட்ட வேண்டியிருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு பழைய வானும் விற்காத ஊறுகாய்ப் போத்தல்களும். மகள் றொசானா ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து கொப்பியைக் கூட்டினாள்.

"அம்மா, இதில ஐம்பத்திரண்டாயிரம் நிக்குது. இவை கட்டினா அப்பா வங்குரோத்துக்குப் போகவே தேவையில்லை" என்றாள்.

அன்றே ரெலிபோனை எடுத்தேன். நீலக் கேற் அன்ரிக்கு என் குரல் விளங்கவில்லையாம், லைன் சரியில்லையாம். ரோவில் மச்சான் தான் இப்போது பாலித் தீவில் நிற்பதாகச் சொன்னார், பின்னால் அவருடைய மனுசி சோறு போடவா என்று கேட்டது எனக்கே கேட்டது. பிரசிடென்ட் அண்ணை, "தங்கச்சி, உதெல்லாம் எப்பவோ தந்தாச்சே" என்றார். தந்தாராம்! தன் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டுக்கு எடுத்த நாலாயிரத்து நூற்றெண்பது டொலர்ச் சாமானுக்கு அவர் தந்தது ஒரு பலகாரப் பை.

வேறு வழியில்லாமல், கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிற வங்குரோத்து விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். அதில் ஒரு கேள்வி: உங்களுக்கு யாராவது பணம் தர வேண்டுமா? என் மனுசன் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"ஒருத்தரும் இல்லை எண்டு போடு, பிள்ளை."

"அப்பா, பொய் எழுதினா அது ஒஃபென்ஸ்."

"அதுக்கு? எங்கட சனத்தைக் காட்டிக் குடுக்கச் சொல்லுறியோ?"

சண்டைக் காலத்தைக் கடந்து வந்த எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்று தெரியும்தானே. கருவாட்டுக் கடனைச் சொல்வதும் காட்டிக் கொடுப்பதும் ஒன்று என்று கண்டுபிடித்த பெருமை இவருக்கே சேரும்.

"நீங்கள் ஜெயிலுக்குப் போனா ஆர் வந்து பாக்கிறது? நீலக் கேற் அன்ரியோ?" என்று கத்திவிட்டு, லப்ரொப்பை என் பக்கம் இழுத்து நானே எழுதினேன். பெயரில்லாத நாற்பத்தொரு பேரையும் எழுதினேன். அவர் ஒப்பமிட்டார்.

அவருக்குக் காசு போவது பெரிசில்லை. வங்குரோத்து ஆனவர்களின் பெயரை இந்த நாடு ஒரு பதிவேட்டில் போட்டுவிடும், அது சாகும்வரைக்கும், செத்த பிறகும் அதிலேயே கிடக்கும் என்று றொசானா சொன்னதுதான் அவரை உலுக்கியது. "யோசப்பின், என்ர பேரெல்லோ" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான். கடைப் பலகையில் தன் பெயரைத் தானே தூரிகை பிடித்து எழுதின மனுசன்.

அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். கட்டணம் பதினைந்து டொலர். இங்கேதான் பிரசிடென்ட் அண்ணை வருகிறார். முழுப்பெயர் விக்னராஜா, எங்கள் சங்கத் தலைவர், அத்தோடு ஜே.பி., அதாவது சமாதான நீதவான். பதினொரு வருடமாக எங்கள் கடையில் ஒரு சதம் எடுத்து நீட்டாத அந்தக் கை, பாங்க் கார்டை எடுத்துப் பதினைந்து டொலரை உடனே கட்டி, என் மனுசனின் பெயரைத் தேடி எடுத்தது. அச்சடித்துச் சங்கக் கூட்டத்துக்கும் கொண்டுபோனது. கடன் இல்லை, முழுக்கக் காசு!

என் மனுசன் சங்கத்தின் பொருளாளர். "வங்குரோத்துக்காரன்ர கையில சங்கக் காசு இருக்கலாமோ?" என்று விக்னராஜா அண்ணை கேட்டாராம். நீலக் கேற் அன்ரி தலையாட்டினாவாம். என் மனுசன் சங்கப் பணப்பெட்டியின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வந்து குசினிக் கதிரையில் இருந்து அழுதார். எங்கள் முப்பது வருடக் கலியாணத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த கிழமை எங்கள் விடயத்தைப் பொறுப்பெடுத்த அதிகாரிப் பெண் அழைத்தாள். கொப்பியின் பிரதி வேண்டும், ஒவ்வொரு பக்கமும் மூலத்தின் உண்மைப் பிரதி என்று ஒரு சமாதான நீதவான் முத்திரை குத்தித் தரவேண்டும் என்றாள். ட்ருகனினாவில் வேறு ஜே.பி.யும் இருக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு எங்கள் ஆள்தானே.

நாற்பத்துமூன்று பக்கத்தையும் கொப்பியையும் தூக்கிக்கொண்டு விக்னராஜா அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, வங்குரோத்துப் பேப்பர். முத்திரை குத்தித் தருவீங்களே?"

வங்குரோத்து என்றதும் மனுசனுக்கு முகம் மலர்ந்தது. மூலத்தையும் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அவருடைய கடமை. அவர் கண்ணாடியையே போடவில்லை. விரலை எச்சில்படுத்திப் பக்கம் புரட்டிக்கொண்டு, "தொழில் செய்யிறதெண்டால் கணக்கு வழக்கு ஒழுங்கா இருக்கோணும், தங்கச்சி. யேசு இளகின மனுசன். ஆக்களிட்டைக் கறாரா வாங்கியிருக்கோணும்" என்று டப் டப் என்று குத்தினார். பெயர், பதிவு இலக்கம், ரெலிபோன் நம்பர் எல்லாம் அந்த முத்திரையில் இருந்தது. பதினேழாம் பக்கத்திலும் குத்தினார். நான் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று பவ்வியமாகத் தலையாட்டினேன். மாதாவே, அந்த நேரம் சிரிப்பு வராமல் காத்ததற்கு உனக்கு ஒரு மெழுகுதிரி.

எங்களுக்கு வரவேண்டிய காசை அறவிடுவது இனி அதிகாரிப் பெண்ணின் வேலை. கொப்பியில் இருந்த நம்பர் எல்லாவற்றுக்கும் எடுத்துப் பேசினாள். விக்னராஜா அண்ணை, "பிரசிடென்ட் எண்டது நானில்லை, மெல்பேணில எத்தினை சங்கம், எத்தினை பிரசிடென்ட்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அவள் பதினேழாம் பக்கத்தை அனுப்பினாள். பிரசிடென்ட் அண்ணை, நாலாயிரத்து நூற்றெண்பது, கீழே ஒரு நம்பர். அதற்கும் கீழே, இது உண்மை என்று அவரே குத்தின முத்திரையில் அதே நம்பர்.

அன்று பின்னேரமே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, இதென்ன வேலை? என்ர மானம் என்னாகிறது?"

"அதையும் கொப்பியில போடட்டோ அண்ணை?" என்றேன்.

காசைக் கட்டினார். தலைவரே கட்டிவிட்டார் என்று தெரிந்ததும் மற்றவர்களும் பறந்து பறந்து கட்டினார்கள். நீலக் கேற் அன்ரிக்கு லைன் தெளிவாகிவிட்டது, மச்சான் பாலியிலிருந்து ஒரே நாளில் திரும்பிவிட்டார். நாலு மாதத்தில் எங்கள் கடன் முழுக்க அடைந்து, அதிகாரியின் கூலியும் அரசாங்கக் கட்டணமும் வட்டியும் போய், அறுநூறு டொலர் மிஞ்சியது. வங்குரோத்து இரத்து என்று கடிதம் வந்தது.

என் மனுசன் அதை மூன்று தரம் வாசித்தார். "அப்ப என்ர பேரை எடுத்திருப்பினம், என்ன?" என்று றொசானாவைக் கேட்டார். அவள் லப்ரொப்பை என் பக்கம் தள்ளினாள்.

நானே பதினைந்து டொலரைக் கட்டித் தேடினேன். அவருடைய பெயர் அப்படியே இருந்தது. பக்கத்தில் இரத்து என்று ஒரு சொல் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். அவருடைய காசை வைத்துக்கொண்டு அவரை அந்த ஏட்டில் ஏற்றின நாற்பத்தொரு பேரில் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை. விக்னராஜா அண்ணை இன்றைக்கும் தலைவர்.

"என்ர பேர் மட்டுமோ இருக்குது?" என்றார், எட்டிப் பார்த்து.

"ஓம்."

கண்ணாடியைப் போட்டுத் திரையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "நல்லகாலம், அந்தச் சனத்தின்ர பேர் ஒண்டும் வெளியில வரேல்லை" என்றார்.

மேசையில் கிடந்த அகப்பையால் அவருக்கு ஒன்று போட்டிருப்பேன். போடவில்லை. அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்று நான் அழுதேன்.