ஒரே ஒருவர் பார்த்த பறவை

ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்கும்படி எங்கள் பறவை ஆர்வலர் சங்கத்தின் தலைவர் மூன்று முறை போன் செய்துவிட்டார். "இந்த வருஷம் நீங்க பார்த்த நல்ல காட்சிகள், சின்னச் சின்ன சந்தோஷங்கள். லேசா, சிரிக்கிற மாதிரி எழுதுங்க சார்" என்றார். லேசாக எழுத வேறு ஆளா இல்லை? எங்கள் சங்கத்துப் பல் டாக்டரைக் கேட்டால் படத்தோடு இருபது பக்கம் கொடுப்பார். ஆனால் நான் சங்கத்தின் சரிபார்ப்பாளர். உறுப்பினர்கள் "பார்த்தேன்" என்று எழுதி அனுப்புவதை "பார்த்திருக்க முடியாது" என்று திருப்பி அனுப்புவதுதான் பதினோரு வருடமாக என் திருப்பணி. நான் எழுதாவிட்டால் மலர் குறையாகத் தெரியுமாம்.

சரி, எழுதினேன். இந்த வருடம் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு இனங்கள். ஜனவரியில் ஒரு விடியலில் ஏரி மூடுபனிக்குள்ளிருந்து ஐந்நூறு வாத்துகள் ஒரே நேரத்தில் எழும்பின. நான் வாயைப் பிளந்து நின்றதில் பிளாஸ்க் தேநீர் முழுவதும் என் ஷூவுக்குள் போயிற்று. மார்ச்சில் என் மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டியது. ஒரு மாதம் பலகை விளக்கைப் போடவில்லை. கடையை மூடிவிட்டேன் என்று பேச்சு கிளம்பி, எதிர்க்கடைக்காரர் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். ஜூனில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் ஒரு மீன்கொத்தி பாய்ந்து, மீனுக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டியோடு வெளியே வந்தது. என்னைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டுவிட்டு, எதுவும் நடக்காதது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

இதெல்லாம் மலரில் வரும். மலரில் வராததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரியில் என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் படி ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. எங்கள் வீட்டின் பின்னறையில் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். வெளியே துணி காயப்போடும் கயிறு, அதற்கு அப்பால் ஒரு செங்கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் வீடு கட்டாத காலி மனை. வேடிக்கை பார்க்க வேறு ஒன்றும் இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் என் பறவைகளைப் பற்றி அவள் சொல்லியிருந்த ஒரே கருத்து, "ஷூவை வெளியிலயே கழட்டிட்டு வாங்க" என்பதுதான். பொழுது போகட்டுமே என்று என் பழைய பைனாகுலரை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

இரண்டே வாரத்தில் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் அன்றைய செய்தி ஆரம்பமாகும். நொண்டி நடக்கும் மைனாவுக்கு 'வார்டன்' என்று பெயர் வைத்தாள். அது வந்தால் மற்றவை ஜன்னலோரம் வைத்த தீனித் தட்டை விட்டு வரிசையாக நகர்ந்துகொள்ளுமாம். ஆந்தை படம் போட்ட கோப்பை வாங்கினாள், கிளிகள் அச்சிட்ட தலையணை உறை வாங்கினாள். அவள் அழைத்தால் என் போனில் குயில் கூவும்படி நானே வைத்துக் கொடுத்தேன். கடையில் வாடிக்கையாளர்கள் அண்ணாந்து தேடுவார்கள். அவளிடம் இருந்தது பழைய பொத்தான் போன், பேச மட்டும்தான் ஆகும். தேநீர் ஆறிப்போகும் வரை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அதற்கு முன் அவ்வளவு பேசியதே இல்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். அவளிடம் அதை ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

சொல்வதற்குப் பதில் சட்டம் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் சங்கத்தில் முதல் சட்டம்: முதலில் எழுது, பிறகு புத்தகத்தைத் திற. தெரியாத பறவையைப் பார்த்தால் நிறம், அலகு, வால், நடத்தை எல்லாவற்றையும் அங்கேயே குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். அதற்கு முன் புத்தகத்தில் படத்தைப் பார்த்துவிட்டால் கண் பார்க்காததையும் மனசு பார்த்ததாகச் சாதிக்கும். புத்தகத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு செல்லாது. அவள் தலையாட்டி, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அதையே எழுதி வைத்துக்கொண்டாள்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. காலை எட்டு மணி இருக்கும். கடையில் ஒரு பெரியவருக்குச் சோதனைக் கண்ணாடி மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, "இதுவா, முன்னாடி போட்டதா, எது தெளிவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். குயில் கூவியது. துண்டித்தேன். மறுபடி கூவியது. மறுபடி துண்டித்தேன். பிறகு வேலையில் மறந்தே போனேன்.

மதியம் வீட்டுக்கு வந்து, பையை நாற்காலியில் வைத்து, சாப்பிட்டு, வழக்கம்போல் கால் மணி நேரம் கண்ணயர்ந்தேன். சாப்பிடும்போது அவள் எதையோ சொல்ல வருவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தாளாம். நான் கண் விழித்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் பறவைப் புத்தகம் விரித்திருந்தது, அதன் மேல் குறிப்பேடு.

"என்னங்க, இதைத்தான் நான் காலைல பார்த்தேன்" என்று ஒரு படத்தில் விரல் வைத்தாள்.

அது கழுத்துமுறுக்கி. மரங்கொத்திக்குச் சொந்தம், ஆனால் மரம் கொத்தாது. மரப்பட்டை நிறத்தில், தரையில் எறும்பு பொறுக்கித் தின்னும். யாராவது பிடிக்க வந்தால் கழுத்தைப் பாம்பு போல முறுக்கிப் பயங்காட்டும். எங்கள் ஊரில் யாரும் பார்த்ததாகப் பதிவே கிடையாது. முப்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் தேடிய பறவை. காடு மேடெல்லாம் அலைந்தவனுக்குக் காட்டாத முகத்தை, துணிக்கயிற்றின் மறுகோடியில், எட்டு மாத அனுபவக்காரிக்குக் காட்டிவிட்டுப் போயிருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. பெண்டாட்டியைப் பார்த்து வயிறு எரிந்தவன் என்று வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் நடந்தது அதுதான்.

"புத்தகத்தைப் பார்த்துட்டா எழுதினே?" என்றேன்.

"இல்லீங்க, எழுதிட்டுத்தான் பார்த்தேன்."

"ம்" என்றேன். அடுத்த ஐந்து நாள் விடியலில் அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்து காவல் காத்தேன். வார்டன்தான் வந்தது.

அவளே சங்கத்தின் பதிவுப் படிவத்தை நிரப்பினாள். "நீங்கதானே சரிபார்ப்பீங்க? நியாயமா பாருங்க, பொண்டாட்டின்னு சலுகை வேணாம்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

மாதக் கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி வகுப்பறையில், ஞாயிற்றுக்கிழமை நடக்கும். சந்தேகமான பதிவுகளைச் சரிபார்ப்பாளர் எல்லார் முன்னிலையிலும் விசாரிப்பது எங்கள் வழக்கம். முதல் தடவையாக அவளும் வந்தாள். ஊன்றுகோலோடு இருபத்திரண்டு படி ஏறி, முதல் வரிசையில், குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தாள். குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

போன வருடம் பல் டாக்டர் பார்த்ததாகச் சொன்ன ஒரு கழுகை, ஒரே ஒருவர் பார்த்தது, படமும் இல்லை என்று தள்ளிவிட்டிருந்தேன். அந்த மனிதர் அதை மறக்கவில்லை. அவள் பதிவை நான் எடுத்ததும் அத்தனை பல்லும் தெரியச் சிரித்து, "வீட்டு ஆளுக்கும் அதே சட்டம்தானே சார்?" என்றார்.

சுருக்கென்றது. எழுந்து நின்று, கண்ணாடிக் கடைக் குரலில் ஆரம்பித்தேன். கூட்டத்தில் எல்லாரையும் 'நீங்க' என்றுதான் சொல்ல வேண்டும்.

"எவ்வளவு தூரத்துல பார்த்தீங்க?"

"பதினஞ்சு அடி."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"அது சுவரடியில இருந்துச்சு. ஜன்னல்லேர்ந்து சுவர் வரைக்கும் துணிக்கயிறு பதினஞ்சு அடி. நான்தான் கடையில அளந்து வாங்கினேன்."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள், நல்ல சிரிப்புதான். அவளுக்கும் தைரியம் வந்தது.

"கழுத்தை என்ன செஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க?"

"பூனை ஒண்ணு சுவர் மேல வந்துச்சு. உடனே இது கழுத்தை நீட்டி, ஈரத்துணியைப் பிழியற மாதிரி மெதுவா முறுக்குச்சு. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை."

முப்பது வருடத்தில் அந்தப் பறவையைப் பற்றி இதைவிடச் சரியான வர்ணனையை நான் கேட்டதில்லை. எந்தப் புத்தகத்திலும் ஈரத்துணி கிடையாது. நான் சொன்னேன்: "அப்ப நீங்க பார்த்தது பறவை இல்லை, வாஷிங் மெஷின்."

சிரிப்பில் வகுப்பறைக் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. பல் டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவளும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். எனக்கு அது போதவில்லை. "தவிரவும், இது புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு எழுதின குறிப்பு" என்றேன்.

"நான் முதல்லயே எழுதிட்டேன்" என்றாள் மெதுவாக.

"நான் பார்த்தப்ப புத்தகம் உங்க மடியில இருந்துச்சு."

நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். மேசை மேல், சரிபார்க்க நான் கொண்டு வந்திருந்த அந்தப் பறவைப் புத்தகம் கிடந்தது. அதன் முதுகில் புதிதாக ஒட்டிய பழுப்புத் தாள். அட்டை பிய்ந்து தொங்குகிறதே என்று, கடையில் பசை இருக்கிறது, ஒட்டிக்கொண்டு வருவோம் என்று, அந்த வியாழக்கிழமை விடிந்ததும் அதை நான்தான் பைக்குள் போட்டு எடுத்துப் போனேன். வீட்டில் இருப்பது அந்த ஒரே புத்தகம். மதியம் நான் தூங்கும் வரை அது அவள் கைக்குப் போகவே இல்லை. குறிப்பில் அவள் எழுதியிருந்த நேரம் காலை ஏழு ஐம்பத்தைந்து. இரண்டு தடவை கூவிய குயிலும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்று வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம். "மன்னிக்கணும், தப்பு என்னுது." ஆனால் பின்வரிசையில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை, பல் டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் முன்னால் மூக்கறுபட எனக்கு மனசு வரவில்லை. 'ஏற்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும் வழியில் அவள் பேசியது ஒன்றே ஒன்று. "படி இறங்கறப்ப கையைப் பிடிச்சுக்கோங்க" என்றாள். பிடித்துக்கொண்டேன்.

பத்தொன்பது நாள் கழித்து, பல் டாக்டர் தன் மருத்துவமனை மொட்டை மாடியிலிருந்து ஒரு படம் எடுத்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அதே காலி மனையின் மறுகோடி. கழுத்துமுறுக்கி, கழுத்தை முறுக்கிய நிலையில், ஒவ்வொரு இறகும் எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. ஊரின் முதல் பதிவு. அடுத்த கூட்டத்தில் எல்லாரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஏற்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். போட்டேன்.

அன்று சாயங்காலம் பின்னறைக்குப் போனேன். அவள் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பல் டாக்டர் படம் எடுத்துட்டார். உன் பறவைதான்."

"அப்படியா?"

"முதல்ல பார்த்தது நீ. நான் சங்கத்துக்கு எழுதப்போறேன். அந்தக் குறிப்பேட்டைக் கொடு. புத்தகம் அன்னிக்குக் காலைல என் பைக்குள்ளதான் இருந்துச்சு. எனக்கு அங்க நின்னப்பவே ஞாபகம் வந்துடுச்சு."

"தெரியும்" என்றாள்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"பென்சிலை எடுத்தீங்க. புத்தகத்தோட முதுகைப் பார்த்தீங்க. அப்புறம் என்னைப் பார்த்தீங்க. அப்புறம்தான் எழுதினீங்க. நான் முதல் வரிசையிலதானே உட்கார்ந்திருந்தேன்? பத்தடி கூட இல்லை."

"தப்புதான். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். உன் பேர் வரும்."

"வேணாங்க."

"ஏன்?"

"சங்கம் நம்பணும்னா நான் போன் பண்ணினேன்? உங்களுக்குத்தானே பண்ணினேன்."

அதோடு அடுத்த உறையை எடுத்து உதறினாள். அதன் பிறகு நான் இரண்டு தடவை கடிதம் எழுதினேன், இரண்டு தடவையும் அவளிடம் காட்டினேன். "அனுப்பினா நான் பார்க்கலைன்னு சொல்லிடுவேன்" என்றாள். சொல்லக்கூடியவள்தான். அனுப்பவில்லை. அதுவும் எனக்கு ஒரு வகையில் வசதியாகத்தான் இருந்தது. அதையும் அவள் பார்த்திருப்பாள்.

அவள் பறவை பார்ப்பதை நிறுத்திவிட்டதாக நினைக்க வேண்டாம். கால் சரியாகிவிட்டது, இருந்தும் காலையில் ஒரு மணி நேரம் ஜன்னலோரம்தான். குறிப்பேடு இரண்டாவது வந்துவிட்டது. நான் உள்ளே வந்தால் மூடி வைப்பாள், கோபமாக அல்ல, கடிதத்தை மடிப்பது போல. சாயங்காலம் தேநீர் கொடுப்பாள். கடை எப்படி என்று கேட்பாள். நான் சொல்வேன். தேநீர் சூடாக இருக்கும்போதே குடித்து முடித்துவிடுகிறோம்.

இன்று காலை மலருக்கான பக்கங்களை உறையில் போட்டு, கடைக்குக் கிளம்பும்போது பின்னறையை எட்டிப் பார்த்தேன். பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி அவள் முன்னால் சாய்ந்திருந்தாள். மூச்சைப் பிடித்திருந்தாள். முப்பது வருடமாக இந்த வேலை செய்பவன் நான். சாதாரண பறவைக்கு யாரும் அப்படி உட்கார மாட்டார்கள். ஒரு விரல் மட்டும் நடுச்சக்கரத்தை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து திரை மறைத்தது.

"என்ன வந்திருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள், பைனாகுலரை இறக்காமலே.