வீரம்மா சொன்ன நாற்பது

பிரேமினிக்கு ராகலை பஸாரில் பாராட்டு விழா என்று கேள்விப்பட்டதும் வீரம்மா பூரித்துத்தான் போனாள். பெற்ற மகளுக்கு ஊர் கூடி மாலை போடப்போகிறது என்றால் எந்தத் தாய்க்குத்தான் மனம் குளிராது? ஆனால் அந்தப் பூரிப்பு ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம்கூட நிற்கவில்லை. விஷயத்தைச் சொல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கே ஏறி வந்திருந்த பஸார்க் கடை மர்சூக் முதலாளி, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றையும் சொன்னார்.

"மாலை மட்டுமில்ல வீரம்மா. புதுக் கோர்ட்டத் தொறக்குறதே ஒங்கட மகள்ட கையாலதான். தொறந்த கையோட ஒரு மெச்சும் இருக்கு. நுவரெலியாவுல இருந்து டீம் வருது. பிரேமினி நம்ம தோட்டத்துப் புள்ளைகளோட சேர்ந்து ஆடுவாங்க. இவ்வளவு காலமும் காதால கேட்டத எல்லாரும் கண்ணால பார்க்கலாம்."

எல்லாரும் கண்ணால் பார்க்கலாம் என்ற இடத்தில்தான் வீரம்மாவுக்குப் பயம் பிடித்தது.

பிரேமினி ஆறடி உயரம். அப்பன் அழகனின் வாகு. லயத்து வாசல் நிலை இரண்டு பேர் நெற்றியையும் பதம் பார்த்திருக்கிறது. நுவரெலியாவில் விடுதியில் தங்கிப் படித்தபோது அந்த உயரத்தைப் பார்த்து யாரோ கையில் ஒரு கூடைப்பந்தைக் கொடுத்தார்கள். பந்து அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோனது. கொழும்பிலிருந்து தாய்லாந்துக்கு. அங்கே ஒரு கழகம் அவளைச் சம்பளம் கொடுத்து விளையாட வைத்துக்கொண்டது. விளையாடுவதற்குச் சம்பளம் என்பதை நம்பவே தோட்டத்துக்கு இரண்டு வருஷம் பிடித்தது. பதினெட்டு வருஷம் ஆடி, பெயரும் புகழும் வாங்கி, முப்பத்தேழு வயதில் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறாள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது? பயம் மகளால் வந்தது அல்ல. வீரம்மாவின் வாயால் வந்தது.

வெளிநாடு போன புதிதில் ஒரு நாள் பிரேமினி ஃபோனில், "அம்மா, இன்னைக்கு பன்னெண்டு அசிஸ்ட்" என்றாள்.

"அப்புடின்னா?"

"யாரு தோதா நிக்கிறாங்கன்னு பார்த்து பந்தக் குடுக்குறது. வாங்குனவங்க வளையத்துல போட்டுருவாங்க."

"நீ?"

"நான்தான் குடுத்தேன்ல."

வீரம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கையில் கிடைத்ததை அடுத்தவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கவா இவள் கடல் தாண்டிப் போனாள்? மறுநாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது பக்கத்து நிரையிலிருந்து ராசம்மா, "என்னா மதினி, மக பேசுனாளா?" என்று கேட்டாள். "பேசுனா. பன்னெண்டு போட்டாளாம்" என்று வீரம்மா பட்டென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் ராசம்மாவின் கண் விரிந்ததைப் பார்த்ததும் கடித்த நாக்கை விட்டுவிட்டாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீரம்மா கண், காது, மூக்கு வைத்தாள். பன்னிரண்டு இருபதாயிற்று. இருபது முப்பதாயிற்று. கடைசியில், "எம்மக எறங்குனா நாப்பதுக்குக் கொறையாது" என்பது தோட்டத்தில் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரியான உண்மையாகிவிட்டது. ராசம்மாதான் அதற்கு முதல் ரசிகை. வாரம் தவறாமல், "இந்தவாட்டி எத்தன மதினி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கேட்பவள் இருக்கும்போது சொல்பவளை எப்படிக் குறை சொல்வது?

அழகனுக்கு இதெல்லாம் தெரியும். முதலாளி படியிறங்கிப் போனதும் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். வீரம்மா அவருடைய கோப்பையையும் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

விழா நாள் காலையில் மகளுக்கு ரொட்டியும் கட்டசம்பலும் வைத்துவிட்டு, அடுப்பை ஊதுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏ பிரேமினி. இன்னைக்கு ஒரு நாளைக்கு யாருக்கும் குடுக்காம நீயே போட்டுரு, என்னா?"

"எத்தன போடணும்?"

"ஒரு நாப்பது."

பிரேமினி ரொட்டியை மெல்லுவதை நிறுத்திவிட்டு அம்மாவின் முதுகைப் பார்த்தாள். சந்தைக்குப் போய் நாற்பது முட்டை வாங்கி வரச் சொல்வது போலச் சொல்கிறாளே என்று சிரிப்பு வந்தது. ஆனால் பதினெட்டு வருஷத்தில் அம்மா அவளிடம் வாய்விட்டுக் கேட்டது இதைத்தான். "சரிம்மா" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

புதுக் கோர்ட் பஸாருக்குப் பின்னால், மரக்கறி லொறிகள் நிற்கும் இடத்துக்கு மேலே இருந்தது. கட்டியது மர்சூக் முதலாளியும் மற்றக் கடைக்காரர்களும். பனி விலகுவதற்கு முன்பே சனம் வந்து படிக்கட்டுகளை நிறைத்துவிட்டது. தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. ராசம்மா புதுச் சேலையும் குடையுமாக வந்து வீரம்மாவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடைய மகள் ஷாமிலாவும் இன்றைக்கு ஆடுகிறாள், பிரேமினியின் அணியிலேயே.

"மதினி, ஒரு மாசமா பந்தடிச்சு பந்தடிச்சு எங்க வீட்டுக் காம்பரா செவரே பேந்துபோச்சு" என்றாள் ராசம்மா. "பிரேமினியக்கா பந்து குடுத்தா கண்ண மூடிக்கிட்டே போட்டுறலாமாம். அப்புடிச் சொல்றா."

தான் காலையில் செய்த காரியத்துக்கு இப்படியும் ஒரு பக்கம் இருக்கும் என்று வீரம்மா யோசிக்கவே இல்லை.

மர்சூக் முதலாளி ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, மூன்று மொழியிலும் வணக்கம் வைத்து, பிரேமினியின் சாதனைகளை அடுக்கத் தொடங்கினார். நாட்டின் அணிக்கு நீண்ட காலத் தலைவி. தாய்லாந்தில் நான்கு முறை சம்பியன். இரண்டு முறை அந்த லீக்கின் சிறந்த வீராங்கனை. அவள் போட்டிருந்த ஏழாம் இலக்கச் சட்டையை அந்தக் கழகம் இனி யாருக்கும் கொடுக்காதாம், மைதானத்துக் கூரையில் தொங்கவிட்டிருக்கிறதாம். "நல்ல சட்டையவா தொங்கப்போட்டிருக்காங்க?" என்று பின்வரிசையில் ஒரு கிழவர் வருத்தப்பட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறாயிரத்துக்கும் அதிகமான அசிஸ்ட், அங்கே இதுவரை எவருமே தொடாத உச்சம் என்று முதலாளி முழங்கினார். எது ஆறாயிரம் என்று படிக்கட்டில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. ஆறாயிரம் என்றால் சும்மாவா என்று எல்லாரும் கை தட்டினார்கள். வீரம்மா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

ஆட்டம் தொடங்கியது. பிரேமினி அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். தூரத்தில் நின்று எறிந்தாள், விழுந்தது. இரண்டு பேருக்கு நடுவே புகுந்து எழும்பினாள், விழுந்தது. நுவரெலியாப் பிள்ளைகள் கெட்டிக்காரிகள்தான், ஆனால் பதினெட்டு வருஷம் அதையே தொழிலாகச் செய்தவளிடம் அவர்கள் என்ன செய்ய முடியும்? ஒவ்வொன்றுக்கும் படிக்கட்டு எழும்பி உட்கார்ந்தது. பாதி ஆட்டத்தில் இருபத்து நாலு. வீரம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இனி எவள் வாயைத் திறப்பாள், பார்க்கலாம்.

எவளும் திறக்கவில்லை. ராசம்மாகூடப் பேசவில்லை. முதலில், "இந்தா, இப்ப ஷாமிலாவுக்கு வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பிறகு "வரும், வரும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அதுவும் நின்றுவிட்டது. குடையை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

வீரம்மா அப்போதுதான் ஷாமிலாவைப் பார்த்தாள். அந்தப் பெண் மூலையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து ஓடிப்போய் நிற்பாள், இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். பந்து அவள் தலைக்கு மேலால் வளையத்துக்குப் போகும். திரும்ப ஓடுவாள், திரும்ப நிற்பாள். கொஞ்ச நேரத்தில் ஓடினாளே தவிர, கையை விரிப்பதை விட்டுவிட்டாள்.

அந்த நிற்பு வீரம்மாவுக்குப் பழக்கமானது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தராசுக்கு முன்னால், கிலோ குறைந்த பெண் அப்படித்தான் நிற்பாள். குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மழையில் நனைந்து பறித்ததற்குப் பாதி நாள் கணக்கு. முன்னால் நிற்பவர்கள் அதைப் பார்த்தால், கங்காணி அந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில் தங்கள் சாக்கிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி அள்ளி அவள் சாக்கில் போடுவார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீரம்மா எத்தனையோ தடவை போட்டிருக்கிறாள். பிரேமினியை வயிற்றில் வைத்துக்கொண்டு மலை ஏறிய மாதங்களில் வாங்கியும் இருக்கிறாள்.

"முப்பத்தாறு" என்று ஒலிவாங்கியில் முதலாளி கத்தினார். "இன்னும் நாலுதான். வீரம்மா, நாப்பது வருது."

படிக்கட்டு முழுக்க வீரம்மாவைத் திரும்பிப் பார்த்தது. இந்தப் பார்வைக்காகத்தானே இத்தனை வருஷமும் ஆசைப்பட்டாள். ஆனால் இப்போது அது அவளுக்கு இனிக்கவில்லை. பக்கத்தில் ராசம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வீரம்மாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. எழுந்து நின்றாள். எதிர் மலையில் நிற்பவளைக் கூப்பிடப் பழகிய குரல் அவளுடையது.

"ஏ பிரேமினி. போட்டது போதும். அந்தப் புள்ளைக்குக் குடு."

கையில் பந்தோடு பிரேமினி நின்றுவிட்டாள். அம்மாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாய் நிறையச் சிரித்து, ஷாமிலா நின்ற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை அனுப்பினாள். பந்து வரும் என்ற நம்பிக்கையையே விட்டிருந்த ஷாமிலாவின் தோளில் பட்டு அது வெளியே உருண்டது. சனம் 'ச்சே' என்றது. ராசம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்தது நேராக உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. ஷாமிலா எறிந்தாள். பந்து வளையத்தைச் சுற்றி, விழட்டுமா வேண்டாமா என்று யோசித்து, விழுந்தது. ராசம்மாவின் குடை எங்கே பறந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு பிரேமினி வளையத்தையே பார்க்கவில்லை. ஆட்களைத்தான் பார்த்தாள். யார் எங்கே வரப்போகிறாள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பந்து போய்ச் சேரும் இடத்தில் ஒரு பிள்ளை நிற்பாள், நின்றவள் சிரிப்பாள். ஷாமிலா போட்டாள், மற்றப் பிள்ளைகளும் போட்டார்கள். தன் மகள் பதினெட்டு வருஷமாக என்ன செய்தாள் என்பதை வீரம்மா இன்றைக்குத்தான் பார்த்தாள். இதையா மறைத்து வைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

ஐந்து புள்ளி வித்தியாசத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் ஜெயித்தார்கள். துண்டால் கழுத்தைத் துடைத்தபடி படியேறி வந்த பிரேமினி, ராசம்மா பக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமல் போட்டு உடைத்தாள்.

"ஏம்மா, காலையில நாப்பது போடச் சொல்லிக் கேட்டதும் நீதான், முப்பத்தாறுல நிப்பாட்டுனதும் நீதான். எம்பொழப்புல ஒரு நாளும் இம்புட்டு போட்டதில்ல, தெரியுமா?"

வீரம்மாவால் ராசம்மாவின் பக்கம் திரும்பவே முடியவில்லை. ராசம்மாதான் பேசினாள், அதுவும் பிரேமினியிடம்.

"அது எனக்குத் தெரியும் புள்ள. அக்கா போடுறதவிட குடுக்குறதுதான் சாஸ்தின்னு ஷாமிலா ஃபோன்ல காட்டி எப்பவோ சொல்லிட்டா."

"தெரியுமா?" வீரம்மா சட்டென்று திரும்பினாள். "தெரிஞ்சுமா வாராவாரம் எத்தன எத்தனன்னு கேட்டே?"

"நீங்க எண்ணிக்கை சொல்றப்ப ஒங்க மொகம் எப்புடி இருக்கும் தெரியுமா மதினி? அதப் பார்க்கத்தான் கேப்பேன்."

வீரம்மா ராசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் ஒன்றாகச் சமாளித்துக்கொண்டிருந்தபோது ராசம்மாவின் ஃபோன் அடித்தது. பொகவந்தலாவையில் கட்டிக்கொடுத்த அக்கா. பஸ் கிடைக்காமல் வர முடியாதவள். ஷாமிலா எத்தனை போட்டாள் என்று கேட்கிறாள்.

"எட்டு போட்டாக்கா" என்று சொல்ல ராசம்மா வாயெடுப்பதற்குள் வீரம்மா ஃபோனைப் பறித்துக் காதில் வைத்தாள்.

"ஷாமிலாவா? இருவது போட்டா" என்றாள், பஸார் முழுக்கக் கேட்கும்படி. "எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். இருவதுக்கு ஒண்ணும் கொறையல."

சொல்லும்போது அவள் ராசம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.